குன்னூரிலிருந்து தார்நாகா வரை: ஓர் அறுவைக்கு முன்னும் பின்னும்

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதித் தருவது படைவீட்டுக் காலத்துத் தமிழர் வரலாறு. செகந்திராபாத்தில் கம்பெனிப் பட்டாளத்தோடு வந்து தங்கிய முதலியார்கள், பத்மாராவ் நகர் என்ற பெயர் வந்த கதை, பேகம்பேட்டையில் 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது, இப்படி ஏதாவது ஒன்று. இந்த ஆண்டு ஆசிரியர் குழுவில் கேட்டபோது, "இந்தத் தடவை வயித்தைப் பத்தி எழுதப் போறேன்" என்றேன். சிரித்தார்கள். சமையல் குறிப்பு என்று நினைத்திருக்கலாம்.

விஷயம் அதுவல்ல. 2018ஆம் ஆண்டு எங்கள் மூத்த மகளுக்கு உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவளுக்கு வயது 37. எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். அதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்குக்கூட "குடலிறக்க ஆபரேஷன்" என்றுதான் சொன்னோம். அப்படி மறைத்ததில் ஒரு பெரிய ஆபத்தின் விளிம்பு வரை போய் வந்தோம். அவளே இப்போது, "எழுதுங்கப்பா, பேரைப் போடாம எழுதுங்க, நாலு பேருக்குப் பயன்படும்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அப்படித் தேடியபோது, என் மகளின் கட்டிலைச் சுற்றி நடந்த ஒவ்வொன்றுக்கும் இந்த ஊரிலேயே ஒரு வேர் இருப்பதைக் கண்டேன். அந்த வேர்களில் ஒன்று நம் நீலகிரியிலிருந்து இங்கே பெயர்த்து நட்டது.

அப்சல்கஞ்சில் ஒரு வழக்கு

அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே என் மகளுக்கு ஆயத்தம் தொடங்கியது. அரிசி, கோதுமை, இனிப்பு எல்லாம் நிறுத்தி, புரதப்பொடி கலந்த நீர் ஆகாரமும் காய்கறியும் மட்டும் தந்தார்கள். பருமனானவர்களுக்கு ஈரலில் கொழுப்பு படிந்து அது பெருத்திருக்கும். இரைப்பை அந்த ஈரலின் அடியில் ஒளிந்திருக்கிறது. இரண்டு வாரப் பத்தியத்தில் ஈரல் சுருங்கினால்தான் மருத்துவர் சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு வேலை செய்ய வசதிப்படும். "பத்தியம் மருந்துக்குத்தான், ஆபரேஷனுக்கும் உண்டா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். உண்டு.

அடுத்தது மூச்சு. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, தினமும் பல முறை இழுத்து இழுத்துப் பந்தை மேலே தூக்கச் சொன்னார்கள். இரவில் அவள் விடும் குறட்டையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். ஓர் இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனையும் நடந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் பருமனானவர்களிடம் அதிகம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் விபரீதம் ஆகலாம். மயக்க மருந்து மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். எனக்கு அது வியப்பாக இருந்தது. கத்தி பிடிக்கிறவரைவிட மயக்கம் கொடுக்கிறவர் அதிகம் விசாரிக்கிறாரே!

இதே கேள்விதான் 130 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஹைதராபாத்தில் உலகமே கவனித்த ஒரு வழக்காக நடந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்பவர் 1847இல் குளோரோபார்மைப் பயன்படுத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கால் நகத்தை எடுக்க மயக்கம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தி மேசையிலேயே இறந்துபோனாள். குளோரோபார்ம் எப்படிக் கொல்கிறது? இதயத்தை நிறுத்தியா, மூச்சை நிறுத்தியா? லண்டன் மருத்துவர்கள் "நாடியில் விரலை வை" என்றார்கள். எடின்பரோ பள்ளியினர் "நாடியை விடு, மூச்சைப் பார்" என்றார்கள்.

எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் பயின்ற எட்வர்டு லாரி, 1880களில் ஹைதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்தார். 1846இல் தொடங்கிய ஹைதராபாத் மருத்துவப் பள்ளியும் அவர் பொறுப்பில் இருந்தது. ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் அரசின் ஆதரவோடு 1888இல் முதல் குளோரோபார்ம் ஆணையத்தை அவர் அமைத்தார். நாய்களுக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்து, மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான் என்று அறிவித்தார்கள். லண்டனின் லான்செட் இதழ் அதை ஏற்கவில்லை. உடனே நிஜாம் அரசு, "உங்கள் ஆளையே அனுப்புங்கள், செலவு எங்களுடையது" என்று ஆயிரம் பவுன் கொடுத்தது. லான்செட்டின் சார்பில் லாடர் பிரண்டன் என்ற பெரிய மருந்தியல் அறிஞர் 1889இல் கப்பலேறி வந்தார். அவர் லாரியின் கருத்துக்கு எதிரானவர். நூற்றுக்கணக்கான விலங்குகளின் மீது சோதனை செய்த பின், அவரும் லாரியின் கட்சிக்கு வந்துவிட்டார். அறிக்கை 1890இல் லான்செட்டில் வெளிவந்தது.

அந்தக் காலத்தில் அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி. 1889இல் தேர்ச்சி பெற்று, மயக்க மருந்தையே தொழிலாகக் கொண்டார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று பலரும் இவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்!

தீர்ப்பு சரியா? பாதிதான் சரி. குளோரோபார்ம் இதயத்தையும் நேரடியாகக் கொல்ல முடியும், அதுவும் மயக்கம் ஆழமாக இல்லாத நேரத்தில் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்தும் என்பதை 1911இல் குட்மன் லெவி நிரூபித்தார். இதயத்தைப் பற்றி லாரி சொன்னது தவறு. ஆனால், மயக்கம் கொடுக்கிறவர் வேறு வேலை பார்க்கக்கூடாது, நோயாளியின் மூச்சிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்று அவர் மாணவர்களுக்குப் புகட்டிய ஒழுக்கம் இன்றும் உயிர் காக்கிறது. என் மகளின் விரலில் துணி மாட்டும் கிளிப் போல ஒன்றை மாட்டினார்கள். 1970களில் ஜப்பானின் தகுவோ அயோயாகி கண்ட வழியில் வந்த கருவி அது. நாடித் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள பிராணவாயுவையும் சேர்த்தே காட்டும். லண்டனும் எடின்பரோவும் போட்ட சண்டை ஒரு விரல் நுனியில் சமாதானம் ஆகிவிட்டது!

அந்த ஆராய்ச்சி நடந்த அப்சல்கஞ்ச் மருத்துவமனையை 1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்த புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் வரை பிழைத்தார்கள் என்பார்கள். பிறகு ஏழாம் நிஜாம் அங்கே கட்டியதுதான் உஸ்மானியா மருத்துவமனை. நாம் டீக்கடையில் தொட்டுச் சாப்பிடும் உஸ்மானியா பிஸ்கட்டும் அந்த நோயாளிகளுக்காகச் செய்ததுதான் என்று இங்கே சொல்வார்கள். அந்த மாளிகைக்குள் 2020 ஜூலை மழையில் தண்ணீர் புகுந்து, அதை மூடும்படி ஆனது. புளியமரம் மட்டும் வெள்ளத்துக்குச் சாட்சியாக நின்றது.

வயிற்றைச் சுருக்கும் வித்தை

எடை குறைக்கும் அறுவைக்கு அவ்வளவு வயதில்லை. 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் என்பவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றி விட்டு உணவைக் குறுக்கு வழியில் அனுப்பினார்கள். 1954இல் அதை வெளியிட்டார்கள். எடை குறைந்தது. கூடவே வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், ஈரல் செயலிழப்பு, சத்துக் குறைவு எல்லாம் வந்தன. பிற்பாடு அந்த முறையையே கைவிட்டார்கள். 1960களின் நடுவில் அயோவாவின் எட்வர்டு மேசன், புண்ணுக்காக இரைப்பையைப் பாதி எடுத்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்து, இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறையைக் கொண்டு வந்தார். 1990களில் லேப்பராஸ்கோப்பி வந்த பிறகு பெரிய கீறல் இல்லாமல் செய்ய முடிந்தது. என் மகளுக்குச் செய்தது 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக்கை போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். இடம் குறைவதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பும் குறையும்.

யாருக்கு இது தேவை? பெல்ஜியத்தின் கெட்லே என்ற கணித அறிஞர் 1830களில் சொன்ன கணக்கைத்தான் இன்றும் பி.எம்.ஐ. என்கிறோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். என் மகளுக்கு 47 வந்தது. 1991இல் அமெரிக்க அறிஞர் குழு 40க்கு மேல், அல்லது சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 35க்கு மேல் என்று வரையறுத்தது. 2022இல் உலக அளவிலான இரண்டு அறுவைச் சங்கங்கள் அந்த அளவை 35, 30 என்று தளர்த்தின. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்றன. காரணம், குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுகின்றன. நாட்டில் எல்லோருக்கும் பொதுவான கவலைதான் இது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் அதிக எடை உள்ளவர்கள். தெலங்கானாவில் 30 பேர். நம் தமிழ்நாட்டில் 40 பேர்! தமிழ்நாட்டு நாக்கோடு வந்து ஹைதராபாத் பிரியாணிக்கும் ஹலீமுக்கும் நடுவில் குடியிருக்கிற நாம் எந்தக் கணக்கில் வருவோம் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

குன்னூரில் ஓர் அறை

இனிதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். தார்நாகா வழியாக உஸ்மானியா பல்கலைக்கழகம் பக்கம் போகிறவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாசலைப் பார்த்திருப்பீர்கள். நான் முப்பது ஆண்டுகள் அந்த வாசலைக் கடந்து ஆபீஸ் போயிருக்கிறேன். அது நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தது என்பது எனக்குத் தெரியாது.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கியது அது. அப்போது அதன் பெயர் 'பெரிபெரி விசாரணைப் பிரிவு'. பெரிபெரி என்பது கால் மரத்து, நடை தள்ளாடி, உடம்பு வீங்கி, இதயம் ஓய்ந்து போகும் நோய். ஆந்திரக் கடற்கரையில், அந்நாளில் வட சர்க்கார் என்றழைத்த மாவட்டங்களில், அது நிரந்தரமாகக் குடியிருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசிதான் உணவு. தெற்கே புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்த நோய் அவ்வளவாக இல்லை. ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். நம் பாட்டிமார்கள் நெல் அவித்தது வைட்டமின் தெரிந்து அல்ல. ஆனால் செய்தது வைட்டமின் வேலை.

அந்தச் சத்தின் பெயர் தயமின், அதாவது வைட்டமின் பி1. ஜாவாத் தீவில் கோழிகளை வைத்து ஐக்மன் துப்புக் கண்டார். 1926இல் யான்சன், டோனாத் என்ற இருவர் அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நெல்லூர்! பாதிரியார் வீட்டுப் பிள்ளை. அன்றைய சென்னை மாகாணத்துப் பிள்ளை என்று நாமும் தெலுங்கர்களும் சேர்ந்தே உரிமை கொண்டாடலாம்.

மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளின் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் தின்ற பஞ்சாப் எலி கொழுகொழுவென்று முதலில் வந்தது. வெறும் சோறும் கொஞ்சம் குழம்புமாகத் தின்ற மதராஸி எலி கடைசியில் வந்தது. நமக்குக் கொஞ்சம் மானக்கேடுதான். ஆனால் பாடம் பெரியது. வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு.

அந்த ஆய்வுக்கூடம் 1958இல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மூட்டை முடிச்சோடு கூடவே வந்தவர்களில் ஒருவர் சி. கோபாலன். சேலத்தில் 1918இல், அந்த ஆய்வுப் பிரிவு பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இங்கே இயக்குநராக இருந்து, பின்னர் 1974இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநரானார். நூறு வயதைக் கண்டு 2019இல் காலமானார். தெலங்கானாவில் சோளமே உணவாக இருந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து உரியும் பெல்லாக்ரா நோய் ஏன் வருகிறது என்று ஸ்ரீகாந்தையாவோடு சேர்ந்து 1960இல் எழுதியவர் அவர்தான். ராம சாஸ்திரி, பாலசுப்ரமணியன் ஆகியோரோடு அவர் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, நம் நாட்டு உணவு ஆலோசகர்களின் மேசையில் ஆண்டாண்டுக்கும் கிடந்த புத்தகம்.

பசியால் வரும் சத்துக்குறைவை ஆராயப் பிறந்த இந்த நிறுவனத்துக்கும், சாப்பாடு மிஞ்சிப் பருத்த என் மகளுக்கும் என்ன தொடர்பு? அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

அறுவை நன்றாகவே நடந்தது. மாலையிலேயே எழுப்பி நடக்க வைத்தார்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். முதலில் தெளிந்த நீர், பிறகு மோர், சூப், புரதக் கஞ்சி, அப்புறம் மசித்தது, அதற்கப்புறம் மிருதுவானது, ஒரு மாதத்துக்கு மேல்தான் சாதாரண உணவு. ஒவ்வொரு வாயும் சிட்டிகை அளவு, நிதானமாக. தண்ணீரையும் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. தினமும் 60 கிராமுக்குக் குறையாத புரதம். வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க. இதெல்லாம் அந்தத் தாளில் தெளிவாக இருந்தது. பத்தாம் நாள் வந்து காட்டச் சொல்லியும் எழுதியிருந்தது.

பத்தாம் நாள் கும்பகோணத்தில் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். மகளுக்கு ஆபரேஷன் என்று சொல்லாததால், போகாமல் இருக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் கிளம்பிப் போனோம். மாப்பிள்ளைக்கு ஆபீசில் வேலை. மருத்துவமனைக்கு அப்புறம் போகலாம் என்று விட்டார்கள்.

அவளுக்குத் தினமும் வாந்தி. எதை விழுங்கினாலும் மேலே வந்தது. வைட்டமின் மாத்திரையின் வாசனையே குமட்டுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டாள். எங்களிடம் போனில், "அப்படித்தான் இருக்குமாம்மா, வயிறு சின்னதாயிடுச்சுல்ல" என்றாள். எடை சரசரவென்று இறங்கியதில் எல்லோருக்கும் சந்தோஷம் வேறு. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது மூன்றாம் வாரம் முடிந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். சோர்வு என்று நினைத்தோம். மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்தவள், "அப்பா, கடிகாரம் ரெண்டா தெரியுது" என்றாள்.

என் வீட்டுக்காரி குளுக்கோஸ் கரைக்கப் போனாள். நான் ஏதோ ஒரு பயத்தில் மருத்துவமனையின் உணவு ஆலோசகருக்குப் போன் செய்தேன். தெலுங்குப் பெண், சின்ன வயது. வாந்தி எத்தனை நாள், மாத்திரை சாப்பிடுகிறாளா, கண் எப்படி என்று மூன்றே கேள்விகள் கேட்டாள். பிறகு, "அங்கிள், குளுக்கோஸ் கொடுக்காதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். போனவுடன் முதலில் தயமின் ஊசியைப் போட்டார்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டாம் நாள் கடிகாரம் ஒன்றானது. நடை சீராக வாரங்கள் பிடித்தன. பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி போக மாதங்கள் ஆயின. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் ஞாபக சக்தியே திரும்பாமல் போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

விளக்கத்தையும் அவரே சொன்னார். உடம்பு தயமினைச் சேமித்து வைப்பது இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க அது வேண்டும். மூன்று வாரம் வாந்தி எடுத்தால் கையிருப்பு தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் துளித் தயமினும் அதை எரிப்பதிலேயே செலவாகி, மூளை தவிக்கும். "இது பழைய நோய்தான் சார். பெரிபெரியோட சொந்தக்காரன்" என்றார்.

பெரிபெரி! வட சர்க்கார் ஏழையின் நோய், 2018இல் கார் வைத்திருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 1918இல் குன்னூரில் ஒரு மனிதர் எதைத் தேடி உட்கார்ந்தாரோ, சரியாக நூறு ஆண்டு கழித்து அந்தத் தேடலின் பலன் ஒரு ஊசியாக என் மகளின் கையில் ஏறியது. தார்நாகா வாசலை இப்போது கடக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

தவறு யாருடையது என்று யோசித்தால், மருத்துவமனை எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுத்திருந்தது. நாங்கள் படிக்கவில்லை. படிக்காததற்குக் காரணம், அதை ஓர் அறுவையாக நினைக்காமல் ஒரு ரகசியமாக நினைத்ததுதான். கத்தி வைத்த அன்று எட்டுப் பேர் கூட இருந்தோம். பத்தியம் தொடங்கிய பிறகு ஒருவரும் இல்லை.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

இதைப் படிக்கும் வீடுகளில் யாராவது இந்த முடிவை யோசித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, இது சோம்பேறிகளின் குறுக்கு வழி அல்ல. சர்க்கரை, மூச்சுத் தடை, மூட்டு வலி இவற்றுக்கான சிகிச்சை. அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் ஏற்கும். 2019இல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியின்படி, பி.எம்.ஐ. 40க்கு மேல், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் தடை, இதய நோய் போன்றவற்றோடு 35க்கு மேல் இருந்தால், மருத்துவர் ஆலோசனையின் பேரில் செய்யும் இந்த அறுவையைத் தள்ள முடியாது. உங்கள் பாலிசியின் காத்திருப்புக் காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அறுவைக்கு முன்பே ரத்தத்தில் இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். பருமனான உடம்பில் சத்து நிறைந்திருக்கும் என்பது பொய்க் கணக்கு. சைவக் குடும்பங்களில் பி12 முதலிலேயே குறைவு. அதை உடம்பு ஏற்கத் துணை செய்யும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பையே போன பிறகு கேட்க வேண்டியதில்லை. புகை பிடிப்பவர் சில வாரம் முன்பே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், படபடவென்ற நாடி, விடாத வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. தையல் கசிவோ ரத்தக் கட்டோ இருக்கலாம். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வாந்தி நின்றபாடில்லை என்றால், அது 'அப்படித்தான் இருக்கும்' அல்ல. பார்வை இரட்டை, தள்ளாட்டம், குழப்பம் என்றால் அன்றைக்கே ஓட வேண்டும்.

நான்காவது, பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மூன்றாம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். பயந்து நாட்டு மருந்துக்கு ஓட வேண்டாம், புரதத்தைப் பாருங்கள்.

கத்தியில்லாமல் ஊசியிலேயே எடை குறையும் காலமும் வந்துவிட்டது. 2025இல் டிர்செபடைட், செமாக்ளூடைடு என்ற ஊசிகள் எடை குறைப்புக்காக நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அவற்றிலும் குமட்டலும் வாந்தியும் உண்டு. எந்த வழியில் சாப்பாடு குறைந்தாலும் மெக்காரிசனின் எலிகள் சொன்ன பாடம் மாறாது.

என் மகள் இப்போது 86 கிலோ. சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கல்யாண வீட்டில் இலையில் இரண்டு ஸ்பூன் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சாப்பிடுகிறாள். "என்னம்மா, டயட்டா?" என்று கேட்கிறவர்களுக்கு, "இல்லை அத்தை, வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், எடை குறையறதுக்கு" என்று நேராகவே பதில் சொல்கிறாள். போன தைப்பூசத்தன்று ஸ்கந்தகிரி கோயில் வாசலில் ஒரு பெண் அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "அவங்களுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன்பா. வீட்டுல யாருக்கும் சொல்லலையாம். முதல்ல மாமியார்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

வீட்டில் வைட்டமின் டப்பா சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் விளக்கேற்றும்போது மறக்காமல் கண்ணில் படட்டும் என்று என் வீட்டுக்காரி வைத்த இடம் அது.